தண்ணீரில் மிதந்த தராசு

முன்னொரு காலத்தில், வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு மலையடிவார ராஜ்யம் இருந்ததாம். அங்கே செம்பாயி என்று ஒரு ரொட்டிக்காரி. அவளுக்கு ஒரே மகள் செல்லக்கிளி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் கருநாக்கன் என்ற மந்திரவாதி வந்தான். எந்தப் பண்டத்தையும் நாக்கில் வைத்தே எடை சொல்லிவிடுவான். தன்னைத் தவிர யாருக்கும் எடை தெரியக்கூடாதென்று, நாட்டிலிருந்த தராசுகளையெல்லாம் காக்கைகளாக்கிப் பறக்கவிட்டான். வானமே கறுத்துப்போச்சு.

"எங்கம்மா தராசைக் கொடுய்யா, கரிச்சட்டி நாக்கா!" என்று கத்தினாள் செல்லக்கிளி.

அவ்வளவுதான். அவள் பாதம் இரண்டும் கல்லாயின.

செம்பாயி ஓடிவந்து அவன் காலில் விழுந்தாள்.

"மாவு, வெல்லம், நெய், மூன்றும் ஒரே எடையில் போட்டு ஒரு கேக் சுட்டு வா. சரியாயிருந்தால் என் மந்திரமெல்லாம் முறியும். தப்பினால் கல் மேலே ஏறும். மூன்றே தடவை!" என்றான் அவன்.

வீட்டில் அளக்க மிஞ்சியது படி ஒன்றுதான். மாவு ஒரு படி, வெல்லம் ஒரு படி, நெய் ஒரு படி அளந்து போட்டாள். கேக் நெய்யாய் வழிந்து நடுவே அமுங்கியது.

கருநாக்கன் நக்கிப் பார்த்தான். "எடை தப்பு!" கல் இடுப்புக்கு ஏறியது.

மறுபடி மாவைப் படியில் குத்திக் குத்தி அடைத்தாள். நெய் ஊற்றுகையில் கையை இழுத்துப் பிடித்தாள். கேக் செங்கல்லாய் வந்தது.

"எடை தப்பு!" கல் கழுத்துக்கு ஏறியது.

செம்பாயிக்கு அடுப்பு மூட்டவே மனசில்லை. மகளுக்குக் கஞ்சி ஊட்டினாள். கண்ணீரும் கஞ்சியில் விழுந்தது. பக்கத்திலே அண்டாத் தண்ணீரில், கழுவப் போட்ட பித்தளைச் சட்டி மிதந்துகொண்டிருந்தது. ஒரு காக்கை வந்து அதற்குள் உட்கார்ந்தது.

"அம்மா, காக்கா உட்கார்ந்ததும் சட்டி முங்குது பாரேன்."

"முங்கட்டும்டி. நம்ம பொழப்பே முங்கிப்போச்சு."

"இல்லம்மா, அது பறந்துட்டா மறுபடி மேலே வருது!"

ஊட்டிய கை அப்படியே நின்றது.

சட்டியைத் துடைத்து, ஒரு படி மாவைக் கொட்டி மிதக்கவிட்டாள். தண்ணீர் தொட்ட இடத்தில் கரிக்கோடு போட்டாள். மாவை எடுத்துவிட்டு வெல்லம் போட்டாள். முக்கால் படிகூடப் போகவில்லை, கோடு தண்ணீரைத் தொட்டுவிட்டது! நெய் அதைவிடவும் குறைவு.

"அடிப் பாவி மகளே, இத்தனை நாளும் படி நிறைஞ்சா எடையும் நிறைஞ்சதுன்னு நினைச்சேனே!"

மூன்றாவது கேக் பூப்போல எழும்பியது. கருநாக்கன் நாக்கில் வைத்தான். முகம் வெளுத்தது. மந்திரம் முறிந்து, விரல் நுனியிலிருந்து சாம்பலாய் உதிரத் தொடங்கினான்.

"நெய் ஒரு துளி குறையுதே! அதுக்கு ஒரு விரல் எனக்கு!" என்று அலறிக்கொண்டே காற்றோடு போனான்.

காக்கைகள் கூட்டமாய் இறங்கின. விரித்த சிறகுகள் தட்டுகளாயின. வீட்டுக்கு வீடு தராசு திரும்பியது. ராஜா செம்பாயியை அரண்மனை ரொட்டிக்கூடத்துக்கே தலைவியாக்கினார்.

செல்லக்கிளி மறுபடி நடந்தாள். ஆனால் இடது கால் சுண்டுவிரல் மட்டும் கல்லாகவே நின்றுவிட்டது. டொக், டொக்.

செம்பாயி சட்டியைப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்தது ஒரு துளி நெய்.

அதிலிருந்துதான் கண்ணுங்களா, நெய் அளந்த பாத்திரத்தை ஒரு பிடி மாவு போட்டு வழித்தெடுக்காமல் அந்த நாட்டில் யாரும் கழுவுவதில்லையாம்.