நாலு பேருக்கு ஒரு ஸ்கூட்டர்

இந்தா, போர்வையை இழுத்துக்கோ. காலைத் தூக்கி என் மேல போடாதே, முட்டி வலிக்குதுன்னு சொன்னேன்ல. என்னது? நாளைக்கு பீச்சுக்கு நான் ஏன் வரலையா? எத்தனை தடவைடி சொல்றது தாரிணி, முட்டி வலி. அதுவும் இல்லாம உங்கப்பா கார்ல அஞ்சு பேருக்குத்தான் இடம். அப்பா, அம்மா, நீ, தாத்தா, பாட்டி. எண்ணிப் பாரு, அஞ்சு ஆச்சா? நான் ஊர்லேர்ந்து வந்த அத்தை. காலை நீட்டிக்கிட்டு டிவி பாத்துட்டு இருப்பேன். சரி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. கதை வேணுமா, வேணாமா? வேணும்னா 'ம்' கொட்டணும். கொட்டலைன்னா நான் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துப்பேன்.

"ம்."

அப்படி வா வழிக்கு.

ஒரு பெரிய ஊர்ல ஒரு சின்ன ஸ்கூட்டர் இருந்துச்சாம். ஊரு எவ்வளவு பெருசுன்னா, ஒரு மூலைல மழை கொட்டும், இன்னொரு மூலைல துணி காயும். ஸ்கூட்டர் எவ்வளவு சின்னதுன்னா, நாலு பேரு ஏறினா அஞ்சாவதா ஒரு கொசு உக்கார இடமிருக்காது. இளநீலக் கலரு. உதைச்சா டுக்-னு இருமும். இன்னொரு உதை, டுக். மூணாவது உதை, டுக். நாலாவதுக்குத்தான் மனசு இரங்கி டுர்ர்ர்ர்னு கிளம்பும்.

அந்த ஸ்கூட்டருக்குச் சொந்தக்காரங்க நாலு பேரு. அப்பா, அம்மா, அக்கா, தம்பி. சைதாப்பேட்டைல ஆறு குடித்தனம் இருந்த ஒரு வீட்ல, கடைசிப் போர்ஷன் அவங்களுது. பேரா? பேரெல்லாம் எதுக்கு, அக்கா அக்காதான், தம்பி தம்பிதான்.

அந்த அப்பா இருக்காரே, அவரு ஒரு சத்தியம் பண்ணியிருந்தாரு. என்ன சத்தியம்? முதல் நாள் வேலைக்குப் போறப்போ புதுச் சட்டை போட்டுக்கிட்டு பஸ்ஸுல ஏறினாரா, கூட்டம்னா கூட்டம், படிக்கட்டுல தொங்கிட்டு இறங்கறாரு, சட்டை டர்ர்ர்ர்! முதுகு பூரா கிழிஞ்சு போச்சு. ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அன்னிக்குச் சொன்னாராம், "இந்த ஜென்மத்துல இனிமே நான் பஸ் ஏற மாட்டேன்"னு. அப்புறம் வருஷக்கணக்கா சேத்து வெச்சு அந்த ஸ்கூட்டரை வாங்கினாரு.

"அத்தை, அது தாத்தாவா?"

உஷ்! குறுக்கே பேசினா கதை வழி தவறிடும். தாத்தா பக்கத்து ரூம்ல தூங்கறாரு.

அப்புறம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணியாச்சுன்னா பெசன்ட் நகர் பீச். அதுல மாத்தமே கிடையாது. அக்கா முன்னால ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. அப்பா ஓட்டுவாரு. தம்பி நடுவுல நசுங்குவான். அம்மா பின்னால ஒரு பக்கமா உக்காந்து மடில கூடையை வெச்சுப்பாங்க. கூடைல எலுமிச்சம் சாதம், அப்பளம், ஒரு துண்டு. அம்மா கட்டிக்கறது ஒரு ஊதாப் பூப் போட்ட, மெல்லிசான வாயில் துணிப் புடவை. உப்புத் தண்ணி பட்டாலும் சட்டுனு காஞ்சுடும், அதனால அதுக்குப் பேரே பீச் புடவை.

பீச்சுக்குப் போனா முதல்ல தண்ணிக்குள்ள ஓடறது யாரு சொல்லு? பிள்ளைங்களா? இல்லை, அம்மா! ஆறு நாளும் அடுப்படில சத்தமே இல்லாம இருக்கற பொம்பளை, அலையைப் பாத்தா "ஏய்ய்ய்"னு கத்துவாங்க. அலை சளப்னு அடிக்கும், அக்கா ஒரு கை, தம்பி ஒரு கை, மூணு பேரும் குதிப்பாங்க. அப்பாவுக்கு அலைன்னா பயம். ஆனா ஒத்துக்க மாட்டாரு. "செருப்பை யாராச்சும் தூக்கிட்டுப் போயிடுவான்"னு சொல்லி மணல்ல உக்காந்து நாலு ஜோடி செருப்புக்கும் காவல் காப்பாரு.

அப்புறம் நாலு மிளகாய் பஜ்ஜி. தம்பிக்குக் காரம் ஆகாது. அதனால அம்மா அவன் பஜ்ஜிலேர்ந்து மிளகாயை உருவி எடுத்துத் தான் தின்னுட்டு, மாவை மட்டும் ஊதி ஊதி அவனுக்குக் குடுப்பாங்க. ம் கொட்டு.

"ம்."

இப்படி நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. ஆனா பாரு, அக்கா ஒரு தப்புக் காரியம் பண்ணிட்டா. வளந்துட்டா!

சும்மா இல்லை, விறுவிறுன்னு வளந்தா. பொங்கலுக்குத் தெச்ச பாவாடை ஆடிக்குள்ள முட்டிக்கு ஏறிடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை பாத்தா, அப்பாவுக்கு ரோடே தெரியலை, அக்கா பின்மண்டைதான் தெரியுது. அவரு தலையை இந்தப் பக்கம் நீட்டறாரு, அந்தப் பக்கம் நீட்டறாரு, கோழி மாதிரி. "வளந்துட்டியேடி"ன்னு சிரிச்சாரு. அக்காவுக்குச் சிரிப்பு வரலை. நம்மளாலதான் பீச் போறது நின்னுடுமோன்னு பயந்தா.

அப்போ அவ என்ன பண்ணா? அடுத்த வாரம் முட்டியை மடக்கி, முதுகை வளைச்சு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. நமநமன்னு கால் மரத்துப் போகுது. மூச்சு விடலை. மத்திய கைலாஷ் சிக்னல் வந்துச்சு. திடீர்னு சிவப்பு விழுந்துச்சு. அப்பா பிரேக்கைப் போட்டாரு, கீச்ச்ச்! அக்கா தாவாக்கட்டை ஹேண்டில்பார்ல போய் ணங்னு இடிச்சுச்சு. சொட்டுச் சொட்டா ரத்தம். அம்மா கூடையைப் போட்டுட்டு முந்தானையால அமுக்கறாங்க, எலுமிச்சம் சாதம் ரோடெல்லாம் சிந்திக் கிடக்கு.

டிராபிக் போலீஸ்காரர் ஓடி வந்து தண்ணி குடுத்தாரு. நல்ல மனுஷன். ஆனா அப்புறம் சொன்னாரு, "சார், ஒரு வண்டில நாலு பேரு, பாப்பா தலை உங்க கண்ணை மறைக்குது. இன்னிக்குத் தாவாக்கட்டையோட போச்சு. இன்னொரு தடவை பாத்தேன், வண்டியை ஸ்டேஷன்ல நிறுத்திடுவேன்." அப்பாவுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு.

அது ஒண்ணு ஆச்சா. அப்புறம் அப்பா ஒரு யோசனை பண்ணாரு. "ரெண்டு நடையா போலாம். முதல்ல அம்மாவையும் தம்பியையும் விட்டுட்டு வரேன், அப்புறம் அக்கா."

சரின்னு அக்கா வாசப்படில உக்காந்தா. உக்காந்தா, உக்காந்தா, உக்காந்துக்கிட்டே இருந்தா. மணி நாலரை, அஞ்சு, அஞ்சே முக்கால். அன்னிக்கு ரோட்ல ஒரு தேர் ஊர்வலம், வண்டியெல்லாம் அப்படியே நிக்குது, பாம் பாம் பாம். ஒரு வழியா அப்பா வந்து அவளை ஏத்திக்கிட்டுப் போய்ச் சேந்தா, பீச் விளக்கெல்லாம் போட்டாச்சு. தம்பி அழுதழுது மூக்குல சளியோட நிக்கறான், அம்மா ரோட்டையே பாத்துட்டு நிக்கறாங்க. பத்து நிமிஷம் இருந்தாங்களோ என்னவோ. ஏன்னா திரும்பியும் ரெண்டு நடை போகணுமே! காலை நனைச்சாங்க, கிளம்பிட்டாங்க.

அது ரெண்டு. தூங்கிட்டியா?

"இல்லை... ம்."

அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மா சொன்னாங்க, "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. தம்பி முன்னால நிக்கட்டும், அக்கா பின்னால உக்காரட்டும். எனக்கு ஒரு அண்டா துணி துவைக்கக் கிடக்கு. அந்த மணல்ல கால் வைக்கவே எனக்கு எரிச்சலா இருக்கு, எல்லாம் உங்களுக்காகத்தான் வந்துட்டு இருந்தேன்"னாங்க. சொல்லும்போது யார் மூஞ்சியையும் பாக்கலை.

போனாங்க மூணு பேரும். அலை வந்துச்சு, போச்சு. அப்பா செருப்புகிட்ட உக்காந்துட்டாரு. அக்காவும் தம்பியும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னாங்க. 'ஏய்ய்ய்'னு கத்த ஆளில்லை. அப்பா பஜ்ஜி வாங்கப் போனாரு, பழக்க தோஷத்துல நாலு வாங்கிட்டாரு. தம்பி பஜ்ஜில மிளகாயை உருவ ஆளில்லாம அப்படியே கடிச்சு, ஹா ஹூன்னு நாக்கை நீட்டிக்கிட்டுக் குதிச்சான். நாலாவது பஜ்ஜியை அக்கா பேப்பர்ல சுத்தி மடில வெச்சுக்கிட்டா.

வீட்டுக்கு வந்தாங்க. அக்காதான் முதல்ல இறங்கி ஓடினா, அம்மாகிட்ட பஜ்ஜியைக் குடுக்க. ஓடினவ வாசல்லயே நின்னுட்டா.

ஏன்னு கேளு.

"ஏன்?"

கொடில ஒரு துணி இல்லை. அண்டா காலி. அம்மா ஜன்னல்கிட்ட ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாங்க. தலை வாரி, பூ வெச்சு, அந்த ஊதாப் பூப் போட்ட பீச் புடவையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

அக்கா கிட்ட போனா. பஜ்ஜியை நீட்டினா. ஆறிப் போய், எண்ணெய் ஊறி, சவசவன்னு இருந்துச்சு. அம்மா முழுசா தின்னாங்க. "நல்லா இருக்குடி"ன்னாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. காரம்னு சொன்னாங்க. அந்த அக்கா பக்கத்துலயே நின்னு பாத்தா. இன்னிக்கு வரைக்கும் அதை மறக்கலை.

அப்புறம் அந்த வாரம் பூரா அக்கா யோசிச்சா. ஞாயித்துக்கிழமை வந்துச்சு, நாலு மணி ஆச்சு. அப்பா வண்டியைத் துடைச்சாரு. அப்போ அக்கா சொன்னா, "நான் வரலை. எனக்கு நிறைய வீட்டுப்பாடம் இருக்கு."

அம்மா திரும்பிப் பாத்தாங்க. "ஞாயித்துக்கிழமைல? நீயா?"

"ஆமா. எனக்கு பீச்சே பிடிக்காது."

அம்மாவுக்குப் புரிஞ்சுடுச்சு. "நான்தான் வரலைன்னு சொன்னேன்ல, நீ போ." "இல்லை, நீ போ." "நான் போக மாட்டேன்." ரெண்டு பேரும் மாறி மாறிச் சண்டை போடறாங்க. தம்பிக்கு என்ன ஏதுன்னு தெரியலை, ஆனா எல்லாரும் சொல்றாங்களேன்னு அவனும் காலை உதைச்சுக்கிட்டு, "நானும் வல்ல! எனக்கும் வீத்துப்பாதம்!" அவன் பள்ளிக்கூடமே போனதில்லை!

அப்பா துணியும் கையுமா நின்னாரு. ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்தாரு. அம்மாவை, அக்காவை, தம்பியை. அப்புறம் ஸ்கூட்டரை. ரொம்ப நேரம் ஸ்கூட்டரைப் பாத்தாரு.

"யாராச்சும் ஒருத்தர் வீட்ல இருந்துதான் ஆகணும்னா, இது இருக்கட்டும்"னாரு.

வண்டியை உள்ள தள்ளி, டொக்குனு ஸ்டாண்டு போட்டாரு. அலமாரியைத் திறந்து, கிழிஞ்சா கிழியட்டும்னு இருக்கறதுலயே பழைய சட்டையா எடுத்து மாட்டிக்கிட்டாரு. "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"சத்தியம் என்னாச்சு?"ன்னு கேட்டாங்க அம்மா.

"அது சட்டைக்குப் பண்ண சத்தியம். போய் உன் புடவையைக் கட்டிக்கிட்டு வா"ன்னாரு.

அப்புறம் பஸ்! அடேயப்பா என்ன கூட்டம். கண்டக்டர் விசில், ப்ப்ப்பீப்! "உள்ள போ, உள்ள போ, ரைட் ரைட்!" ஒரு பூக்கார அம்மா கூடையை நகத்திட்டு, "இப்படி வாம்மா"ன்னு அம்மாவுக்கு ஜன்னல் சீட்டு குடுத்தாங்க. தம்பி அம்மா மடில. ஜிலுஜிலுன்னு காத்து. அக்கா கையைத் தூக்கினா, மேல கம்பி இருக்கே, அது எட்டுச்சு! யாரும் தூக்கி விடாம தானாவே எட்டுச்சு. கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பாத்துட்டு, "பாப்பா அரை டிக்கெட் கோட்டைத் தாண்டிடுச்சு, இனிமே முழு டிக்கெட்"னாரு. அவ்வளவு நாளா கூனிக் குறுகிட்டு இருந்தவ, அப்போ நிமிந்தா பாரு, பஸ் கூரை இடிக்கற மாதிரி நிமிந்தா.

அப்பா நசுங்கிக்கிட்டுத்தான் நின்னாரு. ஆனா சிரிச்சுட்டே நின்னாரு. ஏன் தெரியுமா? அத்தனை வருஷமும் போற வழி பூரா அவரு ரோட்டைத்தான் பாத்துட்டு வந்தாரு. அன்னிக்குத்தான் போகும்போது எங்க மூஞ்சியைப் பாத்தாரு.

"எங்க மூஞ்சியா?"

அவங்க மூஞ்சியை. அவங்க.

பீச்சுல இறங்கினதும் அம்மா நேரா ஓடினாங்க, செருப்போட. "ஏய்ய்ய்!" சளப்! நாலு பஜ்ஜி, நாலும் சுடச்சுட. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா பஸ்தான். ஸ்கூட்டர் மாவு மில்லுக்கும் மார்க்கெட்டுக்கும் போயிட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் சமத்தா வீட்ல இருந்துச்சாம். அவ்வளவுதான். கண்ணை மூடு.

"அத்தை."

என்னடி?

"உன் தாவாக்கட்டைல இங்க ஒரு கோடு இருக்கே. ணங்னு இடிச்சது அதானே?"

கையை எடு, கூசுது... ஆமா. அதான். போதுமா?

"உனக்கு முட்டி வலி இல்லை அத்தை."

யாரு சொன்னா?

"நீ சாயங்காலம் பச்சைப் புடவையை இஸ்திரி போட்டு நாற்காலில மடிச்சு வெச்சே. நான் பாத்தேன்."

...சும்மாதான் போட்டு வெச்சேன்டி. கைக்கு வேலை வேணாமா?

"அப்போ நாளைக்குக் காரு வீட்ல இருக்கட்டும்."

இங்க வா. வாடி என் கிட்ட. காலைத் தூக்கி மேல போட்டுக்கோ, பரவாயில்லை. வலியெல்லாம் ஒண்ணும் இல்லை. நான் எங்கே அழறேன்? கொட்டாவி விட்டா கண்ணுல தண்ணி வராதா?

யாரது, பக்கத்து ரூம்ல? அப்பா! நீங்க இன்னும் தூங்கலையா? கதை பூரா கேட்டுட்டுத்தான் படுத்திருந்தீங்களா? என்னது, நாளைக்கு ஜன்னல் சீட்டு உங்களுக்கா? அதெல்லாம் முடியாது, அது எப்பவும் அம்மாவுக்குத்தான். நீங்க பழைய சட்டை ஒண்ணு எடுத்து வைங்க.

சரி தாரிணி. கதை பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேந்துடுச்சு. விளக்கை அணைக்கறேன், நீ தூங்கு.