கல் நடும்வரை

அவள் பெயரை இப்போது எழுதலாம். கல் நட்டாயிற்று. கெம்பி.

தேன்பாறை மலையில் ஒருவர் இறந்துபோனால், அவருக்கு நினைவுக்கல் நடும்வரை அவர் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. உச்சரித்தால், போகிறவர் பாதி வழியில் திரும்பிப் பார்த்துவிடுவார் என்பது அவர்கள் எண்ணம். அதே பெயர் கொண்ட இன்னொருவர் உயிரோடு இருந்தால், அவரும் அதுவரை பெயரில்லாமல்தான் இருப்பார். மீறிச் சொன்னவர் கல் நடும்வரை ஊருக்கு வெளியே தங்க வேண்டும்.

மலைமீதுள்ள அரசு மருத்துவமனையின் வாசலில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அறிவிப்பு தொங்குகிறது: ‘மலைவாழ் மக்களின் வழக்கங்களை மதித்தே இங்கு சிகிச்சை அளிக்கப்படும்.’ அதைத் திறந்துவைத்த அன்று கைதட்டல் பலமாக இருந்தது. நான் அங்கே ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தேன். நானும் கைதட்டினேன்.

எட்டு மாதக் கர்ப்பிணியாகக் கெம்பி வந்து சேர்ந்தபோது அவள் உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லை. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. வலி வருவதற்குள் ரத்தம் ஏற்றாவிட்டால் தாய், பிள்ளை இருவருக்குமே ஆபத்து என்றார் மருத்துவர். அவளுக்குச் சேரும் ரத்தம் ஒரே ஒரு பைதான் இருந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த அரை மணிக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், தவறினால் வீண். பையில் அவள் சீட்டிலிருந்த பெயரையும் கைப்பட்டையிலிருந்த எண்ணையும் எழுதி நான்தான் எடுத்துப்போனேன்.

செவிலியர் ஜெபராணி அப்போது பக்கத்துக் கட்டிலில் நான்கு நாள் குழந்தை ஒன்றுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். அதன் காலில் கட்டியிருந்த எண் பட்டையைச் சீட்டோடு இரண்டு முறை ஒத்துப்பார்த்த பிறகே ஊசியைக் கையில் எடுத்தார். அவருடைய கவனத்துக்குக் காரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த ஊரில், ஒருத்திக்கு உரிய ரத்தம் இன்னொருத்திக்கு ஏறி, அவள் இறந்ததைக் கண்ணால் கண்டவர். அன்றிலிருந்து, நோயாளி தன் வாயால் பெயரைச் சொல்லாமல் அவர் யாருக்கும் ரத்தம் ஏற்றியதில்லை.

“பேரைச் சொல்லும்மா,” என்றார் கெம்பியிடம்.

அவள் முந்தானையை வாய்மேல் இழுத்துக்கொண்டாள்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? நேரம் போகுது.”

“எனக்கு இப்பப் பேரு இல்லீங்க, சிஸ்டரம்மா.”

“பேரில்லாத ஆளுக்கு எப்படி ரத்தம் ஏத்துறது?”

“எங்க வழக்கத்தை மதிப்போம்னு வாசல்ல மாட்டியிருக்கீங்களே. எட்டாவது வரைக்கும் படிச்சவதான் நான்.”

“அது வாசல்ல. இது வார்டு.”

அவள் கணவன் ஜடையன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று மாதத்துக்கு முன்பு இறந்து, அதுவரை கல் நடப்படாமலிருந்த இன்னொரு கெம்பி அவனுடைய சொந்த அக்கா. அவனைத் தூக்கி வளர்த்தவள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“கெம்பி,” என்றான். “நான் ஊருக்கு வெளிய இருந்துக்கறேன். ஏத்துங்கம்மா.”

“நீ சொன்னாச் செல்லாதுப்பா. அவ சொல்லணும்.”

“உன் அக்காளை நடுவழியில நிறுத்திட்டியேய்யா!” என்றாள் கெம்பி. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினாள். ரத்தம் ஏற்றும் கம்பிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, எண் பட்டை கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லவும் மாட்டேன். போகவும் மாட்டேன். இந்த ரத்தம் எனக்குன்னு வந்தது.”

பன்னிரண்டு நிமிடம் மீதியிருந்தது.

இன்னொரு சாவு நேரக்கூடாது என்று விதியைப் பிடித்துக்கொண்ட ஜெபராணியா, மனைவிக்காக ஊரையே விடத் துணிந்த ஜடையனா, பிள்ளை வயிற்றிலிருக்க வாய் திறக்க மறுத்த கெம்பியா? சொல்லுங்கள், அந்த வார்டில் யார் செய்தது சரி?

விடை: கெம்பி. நான்கு நாள் குழந்தைக்குப் பெயரும் இல்லை, சொல்ல வாயும் இல்லை. இருந்தும் ஊசி தவறாமல் போடப்பட்டதே! “அந்தப் பிள்ளை என்ன பேரு சொல்லுச்சு?” என்று கடைசியில் அவள்தான் கேட்டாள். ஜெபராணி அவளருகே தரையில் உட்கார்ந்து, மணிக்கட்டைத் திருப்பி எண்ணைப் படித்தார். நான் பையிலிருந்த எண்ணைப் படித்தேன். நான்கு நிமிடம் இருக்கும்போது ரத்தம் ஏறத் தொடங்கியது. ஜடையன் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியவில்லை. மகள் பிறந்தபோது அவன் காட்டோரக் குடிசையில் இருந்தான். பையில் அந்த எண்ணை எழுதியவன் நான். அந்த நேரம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று பதிவேட்டில் இருக்கிறது. வாசலில் தொங்கும் அறிவிப்புக்குக் கீழ்ப்படிந்தவள் அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திதான்.