கண்ணாடிப் பாத்தி

"மீனு கடல் மீனு. ஊத்துறது கடல் தண்ணி. பின்ன ஏன் டீச்சர் சாவுது?"

பிலோமி டீச்சர் முழங்கை வரை தன் மீன் தொட்டிக்குள் கையை விட்டுக் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடியில் வீட்டுக்குள் கடல் மீன் வளர்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். யாருடைய மீன் மல்லாந்தாலும் அவர் கடைசியில் வந்து நிற்பது இந்த வீட்டில்தான். டீச்சர் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். வகுப்பில் நிறையப் பேசுவார் என்று கேள்வி. வீட்டில் அப்படி இல்லை.

தனசிங்குக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான். ஐம்பதைத் தாண்டியாயிற்று. உப்பளம் வைத்திருக்கிறார். இன்னொருவர் முன்னால் போய் நின்று பழக்கமில்லாதவர். அன்று நின்றார்.

"எத்தனை செத்துச்சு, அண்ணாச்சி?"

"மிச்சம் ரெண்டு."

டீச்சர் சுரண்டுவதை நிறுத்தினார்.

"தண்ணியில ஒரு குறை கிடையாது டீச்சர். நம்ம அளத்துக்குக் கடல் தண்ணி வார ஓடையிலயே காலையில மோந்துட்டு வாரேன். தொட்டியில தண்ணி கொஞ்சம் குறையக் கூடாது, உடனே ஊத்திருவேன். பிள்ளையப் பாக்குற மாதிரி பாக்குதேன்."

டீச்சர் கையை வெளியே எடுத்துத் துடைத்தார்.

"தண்ணி நிக்கிற இடத்துல கண்ணாடியில ஒரு கோடு போடுங்க. அப்புறம் ஒண்ணும் ஊத்தாதிய. கோட்டுக்குக் கீழ எறங்குனதும் வாங்க."

"அவ்வளவுதானா?"

"கோடு நேரா இருக்கட்டும்."

*

கோடு போடத் தனசிங் வீட்டில் ஒன்றும் அகப்படவில்லை. பேனா கண்ணாடியில் பிடிக்கவில்லை.

அவர் மனைவி புஷ்பம் உள்ளே போய் ஒரு நகப்பூச்சுக் குப்பியைக் கொண்டுவந்தாள். சிவப்பு. அடியில் கொஞ்சம் கட்டிப்போய்க் கிடந்தது.

அது மகள் கெசியாவுடையது. தொட்டியும் அவளுடையதுதான். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கோட்டயம் போனபோது துணிமணி எல்லாம் கொண்டுபோனாள். தொட்டியைக் கொண்டுபோக முடியவில்லை.

தனசிங் கல்யாணத்துக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கெசியா அம்மாவுக்கு போன் செய்வாள். "மீனக் காட்டும்மா" என்பாள். புஷ்பத்துக்குப் போனை ஆடாமல் பிடிக்கத் தெரியாது. அதனால் போனைத் தொட்டிக்கு நேராகப் பிடிப்பது தனசிங். அவர் முகம் அதில் தெரியாது. மகள் மீன்களோடு பேசுவாள், அம்மாவோடு பேசுவாள். அவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒரு தடவை மட்டும் போனைத் தன் பக்கம் திருப்பினார். அவள் போன நாளிலிருந்து மனசுக்குள் சேர்த்து வைத்ததை எல்லாம், தன் பக்கத்து நியாயம், ஊர் பேசியது, பட்ட அவமானம், ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் போன் வரவில்லை.

மறுபடி வந்தபோது முதல் வார்த்தை, "மீனு நல்லா இருக்காம்மா?"

இப்போது மிச்சம் ரெண்டு. வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். அதுவும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை போன் எதற்கு வரும்?

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டைப் போட்டார். நேராகத்தான் வந்தது.

"ரெண்டையும் உசுரோட கருவாடு போட்டுட்டுத்தான் ஓய்வீய போல" என்றாள் புஷ்பம்.

"வாய மூடுட்டி."

*

"எறங்கிருச்சு, டீச்சர்."

"எங்க போச்சு?"

"ஒழுகுதோன்னு பாத்தேன். தரையில ஒரு சொட்டு இல்ல. ஒட்டுன இடமெல்லாம் தடவிப் பாத்தாச்சு."

"அப்ப என்ன போச்சு?"

"தண்ணிதான்."

"வேற?"

"வேற என்ன இருக்கு அதுல போறதுக்கு?"

டீச்சர் செருப்பைத் தேடினார்.

"நடங்க, உங்க வீட்டுக்கு."

*

மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. செவுள் வேகமாக அடித்துக்கொண்டது.

டீச்சர் பையில் உப்பு அளக்கிற கருவி இருந்தது. அதை எடுக்கவில்லை. மீனையும் பார்க்கவில்லை. தொட்டியின் மேல் விளிம்பையே பார்த்தார். கண்ணாடியும் மூடியும் சேருகிற இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆள்காட்டி விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். விரல் நுனியில் வந்ததைத் தனசிங்கின் உள்ளங்கையில் தட்டினார்.

"இது எப்படி, அண்ணாச்சி?"

தனசிங் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். வியாபாரிகள் சாக்கைப் பிரித்துக் காட்டும்போது அவர் செய்கிற அதே காரியம். ஆயுசு முழுக்கச் செய்த காரியம்.

"நல்ல உப்பு" என்றார். "கசப்பு இல்ல. மண்ணு இல்ல. யாரு அளத்துது?"

டீச்சர் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு பாத்தியில வாருனது டீச்சர் இது?"

கேட்டு முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி அவர் காதிலேயே விழுந்தது.

கண்ணைத் திறந்தார். தொட்டியைப் பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். ஓடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த வாளியைப் பார்த்தார்.

கடல் தண்ணியைப் பாத்தியில் ஏற்றுவார்கள். வெயில் தண்ணியை மட்டும் கொண்டுபோகும், உப்பு தங்கிவிடும். மறுபடி ஏற்றுவார்கள். அவருடைய அப்பா அதைத்தான் செய்தார். அவரும் அதைத்தான் செய்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா ஏத்துதிய?" என்றார் டீச்சர்.

"அவ போனதுல இருந்து."

புஷ்பம் காப்பியோடு வந்தவள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தட்டோடு அப்படியே நின்றாள்.

*

தனசிங் சட்டென்று எழுந்தார். வாளியைக் காலி செய்துவிட்டு வந்து தொட்டிக்குள் சொம்பை விட்டார்.

"பாதியை எடுத்துட்டு நல்ல தண்ணிய ஊத்திருதேன். இன்னைக்கே சரி பண்ணிருதேன்."

"பண்ணுங்க. அதுக்கு முந்தி மீனை வெளிய எடுத்துப் போட்டுருங்க. எப்படியும் சாவப் போகுது, சீக்கிரம் சாவட்டும்."

சொம்பு பாதியில் நின்றது.

"உப்பு ஏறுனது அதுகளுக்குத் தெரியாது, அண்ணாச்சி. கொஞ்சங்கொஞ்சமா ஏறுச்சு, தாங்கிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு எறக்குனா தாங்காது."

"அப்ப?"

"காலையில ஒரு தம்ளர் மோந்து வெளிய கொட்டுங்க. ஒரு தம்ளர் உப்பில்லாத தண்ணி ஊத்துங்க. சாயங்காலம் அதே மாதிரி. கோட்டுக்குக் கீழ எறங்குனா அதுக்கும் அந்தத் தண்ணியேதான். ஓடைத் தண்ணி இனி வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"ஒரு தம்ளரா?"

"ஒரு தம்ளர்."

"எப்ப சரியாவும்?"

"நீங்க அவசரப்படலன்னா ஆவும். நான் இடையில வந்து அளந்து பாக்குதேன்."

தனசிங் யோசித்தார். "உப்பில்லாத தண்ணிக்கு எங்க போவேன்? நம்ம கெணறு உப்பு. குழாய்த் தண்ணில மருந்து."

"இருக்கு ஒண்ணு. இந்த வீட்டுல யாரும் வரணும்னு கேக்காத தண்ணி."

அவருக்குப் புரியவில்லை. புஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உப்பளக்காரர் வீட்டில் மழையை யாரும் விரும்புவதில்லை. ஒரு மழை போதும், பாத்தியில் விளைந்து கிடப்பதெல்லாம் கரைந்து ஓடிவிடும். ஊர் காய்ந்து கிடக்கும்போது சபையில் மழைக்காக ஜெபம் பண்ணுவார்கள். எல்லாரும் ஆமென் சொல்லும்போது தனசிங் மட்டும் சொல்வதில்லை. பாஸ்டரே ஒரு தடவை மேடையிலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்.

டீச்சர் வீட்டு மாடியில் மூடிபோட்ட தொட்டியில் போன ஐப்பசி மழை இருந்தது. ஒரு கேன் நிறையக் கொடுத்தனுப்பினார்.

*

ஒரு தம்ளர் எடுப்பார். ஒரு தம்ளர் ஊற்றுவார்.

முதலில் கை கேட்கவில்லை. இரண்டாவது தம்ளருக்குப் போகும். புஷ்பம் பின்னாலிருந்து, "கோடு, கோடு" என்பாள். நிறுத்திக்கொள்வார்.

சில நாள் ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒரு காலையில் மீன்கள் மூலையை விட்டு வந்திருந்தன. அன்றைக்கும் ஒரு தம்ளர்தான் ஊற்றினார்.

விளிம்பில் பூத்திருந்த உப்பைத் துணியால் துடைத்தார். மறுபடி அவ்வளவாகப் பூக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. தனசிங் அதைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தார்.

"அம்மா, ரெண்டும் நல்லா நீந்துதே!"

"உங்கப்பாதான் பாக்காரு" என்றாள் புஷ்பம்.

கெசியாவின் குரல் தாழ்ந்தது.

"அதென்ன, கண்ணாடியில செவப்பா? என் நெயில் பாலிஷா?"

புஷ்பம் தனசிங்கைப் பார்த்தாள்.

அவர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. எல்லாம் வந்தது. கல்யாணத்துக்கு வராததற்குக் காரணம், அந்தக் காரணத்துக்குக் காரணம், அன்றைக்குப் போனில் கொட்டியதற்கு மன்னிப்பு, அந்த மன்னிப்போடு ஒட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நியாயம். வாளி நிறைய இருந்தது.

அவர் கோட்டைப் பார்த்தார்.

போனை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார். மகள் கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"அங்க வெயிலாம்மா?" என்றார்.

அவள் முகத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல் மங்கலாகத் தெரிந்தது.

"இல்லப்பா. மழை. நேத்துல இருந்து விடாம பெய்யுது."

புஷ்பம் புருஷனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெய்யட்டும்" என்றார் தனசிங்.