வடிவு தைக்கச் சொன்ன புலிச் சட்டை

ஒரு ஊர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடித் தெருவுல, ஒரு அம்மா இருந்தா. பேரு சண்முகவடிவு. வடிவு வடிவுன்னு கூப்பிடுவாங்க. அவளுக்கு ஒரே பையன், தர்ஷித். அந்தப் பேரை வைக்கிறதுக்கே நாலு மாசம் யோசிச்சவ அவ. பையனுக்கு அஞ்சு வயசு முடியப் போகுது. கேக்குறியா? ம் சொல்லணும், இல்லன்னா கதை நின்னுடும்.

"ம்."

அந்த வடிவுக்கு ஒரு ஓரகத்தி, கொழுந்தன் பொண்டாட்டி. பேரு சொர்ணா. போன வருஷம் சொர்ணா அவ மகளுக்குப் பிறந்தநாள் வச்சா. கடல் தீமாம். தீம்னா என்னன்னா, பிறந்தநாள் பிள்ளைக்கு, அலங்காரம் ஊருக்கு. அவ்வளவுதான். நீலப் பலூன், நீலக் கேக்கு, பிள்ளைக்கு மீன் போட்ட நீலக் கவுனு. வந்தவங்க எல்லாம் ஆகா ஓகோங்க, வடிவு அந்தக் கேக்கைத் தின்னுட்டு நீல நாக்கோட வீட்டுக்கு வந்தா. அன்னைக்குப் பிடிச்ச வயித்தெரிச்சல் ஒரு வருஷமா அடங்கல. கேக்குனால வந்த எரிச்சல் இல்ல அது.

அப்புறம் இந்த வருஷம் அவ முறை வந்துச்சு. காட்டுத் தீம்னு முடிவு பண்ணினா. துணிக்கடைக்குப் போயி, பச்சை இலையும் புலியுமா அச்சடிச்ச துணி ஒண்ணைப் பார்த்தா. நல்ல கெட்டித் துணி. இது சோபாவுக்குப் போடுறதும்மான்னு கடைக்காரர் சொல்லத்தான் செஞ்சாரு. அவ எங்க காதுல வாங்குறா? முழுச் சுருளையும் வாங்கிட்டா. மேடைக்குப் பின்னாடி தொங்கவிடத் திரை, மேசைக்கு விரிப்பு, நாற்காலிக்கு உறை, மிச்சத்துல பிள்ளைக்கு முன்பக்கம் பொத்தான் வச்ச சட்டை. உனக்கு என்ன வேணும்னு பிள்ளைய யாராவது கேட்டாங்களா?

"கேட்டாங்களா?"

கேக்கல. அவனா வந்து, அம்மா, சட்டையில பாக்கெட் இருக்குமா, புளியங்கொட்டை வச்சுக்கணும்னான். பாக்கெட் வச்சா புலி மூஞ்சி மறைஞ்சிடும்னுட்டா.

அப்போ தையல்கடை பீர்மைதீன் பாய்கிட்ட துணி போச்சு. அவர் அளந்து, வெட்டி, கடகடகடகடன்னு மிஷினை மிதிச்சு ஒரு சட்டை தச்சாரு. வடிவு பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தா. பொத்தான் பட்டியில புலி ரெண்டாப் பிளந்து, ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு கீழ. ஒன்றரைக்கண்ணுப் புலி. சொர்ணா பார்த்தா சிரிப்பாளேன்னு, சர்ர்ருன்னு பிரிக்கச் சொன்னா.

அப்புறம் ரெண்டாவது சட்டை. மூஞ்சி சேர்ந்துடுச்சு, கண்ணு ரெண்டும் ஒரே நேர்ல. ஆனா இடது கையில புலி தலைகீழா வௌவால் மாதிரித் தொங்குது. சர்ர்ருன்னு மறுபடியும் பிரி.

மூணாவது சட்டைக்குப் பாய் ராத்தூக்கத்தை விட்டாரு. புலி எல்லாம் ஒழுங்கா ஒரே பக்கம் பார்த்துச்சு. இப்பப் பொத்தான் சரியில்லன்னா வடிவு. மரத்துல செஞ்ச யானை, மயில், ஒட்டகச்சிவிங்கின்னு ஒன்பது பொத்தான் கொண்டுவந்து கொட்டினா. பாய் பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"தங்கச்சி, இதைப் பிள்ளையால அவுக்க முடியாது. துணியும் கனம். வேர்த்துப் போகும்."

"சட்டை போடுறதுக்குத்தான் பாய். அவுக்கறதுக்கா தைக்கிறோம்?"

பாய் ஒன்பதையும் வச்சுத் தச்சுக் குடுத்தாரு. ம்?

"ம்..."

பிறந்தநாள் வந்துச்சு. தெப்பக்குளத்துக்கு எதிர்க்க இருக்கிற மண்டபம். மேடை முழுக்கக் காடு, எங்க திரும்பினாலும் புலி. காட்டுக்கு முன்னாடி பிள்ளைய நிறுத்தி, கழுத்து வரைக்கும் பொத்தானைப் போட்டுவிட்டா. ஒட்டகச்சிவிங்கி காஜா ஓட்டைக்குள்ள போகவே மாட்டேன்னுச்சு. திருகித் திருகித் திணிச்சா. போட்டோக்காரர் பளிச் பளிச்சுன்னு எடுக்கிறாரு. வந்தவங்க எல்லாம் ஆகா ஓகோங்கறாங்க. சொர்ணா மட்டும் வாயைத் திறக்கல. வடிவுக்கு வயிறு குளுகுளுன்னு இருந்துச்சு.

அப்புறம் கேக்கு வந்துச்சு. மெழுகுவர்த்தி ஏத்தியாச்சு. பிள்ளையக் கூப்பிட்டா, பிள்ளையக் காணோம்.

மேசைக்கு அடியில பார்த்தாங்க. மாடிப்படியில பார்த்தாங்க. சாப்பாட்டுக் கூடத்துல பார்த்தாங்க. மூணு இடத்துலயும் இல்ல. பிள்ளையோட அப்பா இசக்கிராஜா செருப்புக்கூடப் போடாம தெப்பக்குளத்துக்கு ஓடுனாரு, தடதடதடன்னு. ரோட்டுல பஸ் வேற ஹார்ன் அடிச்சுக்கிட்டே போகுது. அந்தச் சத்தம் கேக்கக் கேக்க வடிவு வாசலுக்கும் மேடைக்குமா ஓடுனா.

வாட்ச்மேன் வந்து, பையன் என்ன சட்டை போட்டிருந்தான்னு கேட்டாரு. வடிவு கையை நீட்டித் திரையைக் காட்டினா.

"அது திரைம்மா. நான் சட்டையக் கேட்டேன்."

"சட்டையும் அதுதான்."

வாட்ச்மேன் திரையைப் பார்த்தாரு, மேசையைப் பார்த்தாரு, நாற்காலியைப் பார்த்தாரு. டார்ச்சை எடுத்துட்டு வாசல் பக்கம் போயிட்டாரு. வடிவு அப்படியே தரையில உக்காந்துட்டா. ஒரு வருஷமா யோசிச்சு யோசிச்சுப் பண்ணினாளே, அந்தக் காடு அவ தலை மேலயே விழுற மாதிரி இருந்துச்சு. அன்னைக்குக் காலையில இருந்து பிள்ளைகிட்ட என்ன பேசினோம்னு நினைச்சுப் பார்த்தா. நேரா நில்லு, கசக்காதே, சிரி. வேற ஒண்ணும் ஞாபகம் வரல.

அப்போ போட்டோக்காரர் அவர் கேமராவுல ஒவ்வொரு படமாத் தள்ளிப் பார்த்துக்கிட்டு வந்தாரு. ஒண்ணுல பிள்ளை நிக்குறான். அடுத்ததுல திரையோரமாச் சாயுறான். அடுத்ததுல சொர்ணா குடும்பம் சிரிச்சுக்கிட்டு நிக்குது, அவங்க காலுக்குப் பின்னாடி, காட்டுக்கு அடியில, வெள்ளையா ரெண்டு உள்ளங்கால்.

ஓடிப்போயித் திரையைத் தூக்கினாங்க. தரையில குமிஞ்சு கிடந்த துணி மடிப்புக்குள்ள மூஞ்சியப் புதைச்சு, புலியோட புலியா, இலையோட இலையாக் கிடந்தான் பிள்ளை. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட வேர்வை. மூஞ்சி செக்கச் செவேல்னு இருந்துச்சு. வடிவு வாரி மடியில போட்டுப் பொத்தானை அவுக்கப் பார்த்தா. யானை வரல. மயில் வரல. ஒட்டகச்சிவிங்கி அசையவே இல்ல. பல்லால நூலைக் கடிச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தா. படார் படார் படார்னு ஒன்பதும் மண்டபம் பூரா உருண்டுச்சு.

பிள்ளை கண்ணைத் திறந்தான்.

"மூணு தடவை சொன்னேன்ல, கழுத்து வலிக்குதுன்னு. நீ கேமராவைப் பாருன்ன."

வடிவு மூஞ்சிய அவன் நெஞ்சுல வச்சுக்கிட்டு அழுதா. தண்ணி குடுத்து, விசிறிவிட்டு, வேர்வையைத் துடைச்சா. அப்புறம் அவன் வெறும் பனியனோட நின்னு கேக்கு வெட்டினான். அந்தப் படத்துலதான் அவன் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான். அந்தப் படத்தைத்தான் ஊரே பார்த்து, என்ன அழகு, என்ன அழகுன்னுச்சு. தூங்கிட்டியா?

"ம்..."

இரு, இன்னும் கொஞ்சம்தான். அடுத்த மாசம் சொர்ணா மகளுக்குப் பிறந்தநாள். சொர்ணா பட்டுத் துணியும் ஜரிகையுமாத் தூக்கிக்கிட்டுப் பீர்மைதீன் பாய் கடைக்கு வந்தா. இந்த வருஷம் எங்க வீட்டுல பனியன் தீம், பட்டுல ஒரு பனியன் தைக்கணும்னா. பாய் அளவு நாடாவை எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டு, பிள்ளை எங்கம்மான்னு கேட்டாரு.

"பிள்ளை எதுக்கு பாய்? அதான் தீம் சொல்லிட்டேனே."

கதையும் கழண்டுச்சு, கண்ணும் சொருகிடுச்சு. போர்வையை இழுத்துக்கிட்டுத் தூங்கு.