அமைச்சரின் தேயிலைக் காடு

உலகப் பருவநிலை மாநாட்டில் "எங்கள் காடு வளர்ந்திருக்கிறது" என்று முழங்க வனத்துறை அமைச்சர் கோதண்டபாணிக்கு ஆசை. மலையில் மிச்சமிருந்த ஒரே சோலைக்காட்டை அவர் தன் மைத்துனரின் ரிசார்ட்டுக்கு ஒதுக்கிவிட்டார். அதனால் சொந்தத் தேயிலை எஸ்டேட்டையே காட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

வனத்துறையில் தற்காலிக வாட்ச்சராக இருந்த மசினி என்ற பெண்ணைக் கூப்பிட்டார். "மாநாட்டுக்காக வெளிநாட்டுக் குழு நம்ம காட்டைப் பார்க்க வருது. எஸ்டேட் கேட்டுல 'காப்புக்காடு'ன்னு பலகை மாட்டு. யார் கேட்டாலும் இது காடுதான். மாத்திச் சொன்னா உன் வேலை போயிடும்."

"சரிங்க ஐயா, காடுன்னா காடுதான்" என்றாள் மசினி. பலகையை மாட்டினாள். கேட்டையும் பூட்டினாள்.

மறுநாள் குழுவோடு வந்த அமைச்சரின் கார் கேட்டில் நின்றது.

"திற!"

"காப்புக்காட்டுக்குள்ள வண்டி போகக்கூடாதுங்க ஐயா. கொழுந்து பறிக்க வந்தவங்களையும் திருப்பி அனுப்பிட்டேன். உள்ளே உங்க பங்களா வேற இருக்கு. அதை எப்போ இடிக்கிறதுன்னுதான் தெரியலை."

அமைச்சருக்கு ஆத்திரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோனது. "அடியே, இது என் தேயிலைத் தோட்டம்! இது எப்படிடீ காடாகும்?" என்று கத்தினார்.

குழுவோடு வந்த மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார்.

"அப்படியானால் காடு எங்கே?" என்று கேட்டார் குழுத் தலைவி.

மசினி எதிர்ச்சரிவில் இருந்த சோலையைக் காட்டினாள். "அதோ இருக்குங்கம்மா. சீக்கிரம் வாங்க, வெட்டுறதுக்குள்ள பார்த்துடலாம்."

குழு அவள் பின்னால் நடந்தது. அந்தச் சோலை இன்னும் நிற்கிறது.