மருதாணிப் புதருக்கு ஒரு குடை

"பறவைக்கு முகமே இல்ல, டீச்சர்" என்று படத்தை நீட்டினார் ஆவுடையப்பன்.

டீச்சர் என்று அவர் கூப்பிட்ட ஜெஸிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. பாளையங்கோட்டையில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருந்தார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் குளத்துக்கரைகளில் பறவைகளைப் படம் எடுப்பார்.

சீடருக்கு ஐம்பத்தொன்பது. கல்லூரியில் முப்பது வருஷம் ஒளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒளி எங்கே வளையும், எங்கே சிதறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் எடுத்த பறவைகள் மட்டும் கரிக்கட்டையாக வந்தன.

ஜெஸிந்தா படத்தைப் பார்த்தார்.

"சூரியன் எங்க இருந்துச்சு?"

"பறவைக்குப் பின்னால."

"நீங்க எங்க நின்னீய?"

"முன்னால."

"பெறகு பறவையக் குத்தம் சொன்னா எப்படி சார்?"

மறுநாள் ஆவுடையப்பன் குளத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனார். காலை வெயில் அவர் முதுகில் விழுந்தது. மீன்கொத்திக்கு முகம் வந்தது. கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சமும் வந்தது. அன்றைக்கு மனைவியிடம்கூடச் சிரித்துப் பேசினார்.

அடுத்த வாரம் வேறொரு குறை.

"முகம் இருக்கு. உயிர் இல்ல. பொம்மை மாதிரில்லா இருக்கு."

படத்தில் மீன்கொத்தியின் அலகு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டிருந்தது.

ஜெஸிந்தா ஒரு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டார்.

"உக்காருங்க சார். சுவரப் பாத்து."

மூக்கு சுவரில் இடிக்க உட்கார்ந்தார் பேராசிரியர். கல்யாண ஆல்பம் வாங்க வந்தவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் போயிற்று.

"எப்படி இருக்கு?"

"மூச்சு முட்டுது டீச்சர்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. அடுத்த மீன்கொத்திக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டார்.

சித்திரை பிறந்தது. குளத்துக்கரை மருதாணிப் புதரில், இடுப்பு உயரத்தில், ஒரு சின்னான் கூடு கட்டியிருந்தது. தலையில் கொண்டையும் வாலடியில் சிவப்புமாகத் திரியும் குருவி அது. கூட்டில் மூன்று குஞ்சுகள். தாய் இரை ஊட்டுவதை ஒரே ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று ஆவுடையப்பனுக்கு ஆசை வந்துவிட்டது.

"இல மறைக்குது டீச்சர். உள்ள ஒரே இருட்டு."

"கெடக்கட்டும். பத்து நாள்ல குஞ்சு பறந்துரும். அதுவரைக்கும் தள்ளி நின்னு பாருங்க."

"வெளிச்சம் இல்லாம என்னத்தப் பாக்க?"

ஜெஸிந்தா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தில் கோணிக்கிடந்த நெற்றிச்சுட்டியை நேராக்கினார்.

மனுஷன் சும்மா இருந்தாரா? மறுநாள் கத்தரிக்கோலோடு போனார். கூட்டை மறைத்த கிளைகளில் நாலை நறுக்கினார். ஒன்றை நூல் போட்டு இழுத்துக் கட்டினார். கூட்டுக்குள் வெயில் பளிச்சென்று இறங்கியது. எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை எடுத்துத் தள்ளினார்.

பத்தரைக்கு ஸ்டூடியோவுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"வெளிச்சம்னா இதான் டீச்சர்."

படத்தில் மூன்று குஞ்சுகளும் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்திருந்தன. உள்வாய்ச் சிவப்புவரை துல்லியம். முன்னால் இடமும் விட்டிருந்தார்.

ஜெஸிந்தா ரொம்ப நேரம் பார்த்தார்.

"தாய் எங்க?"

"காலையில பறந்தது இன்னும் வரல. பசியில எப்படி வாயத் தொறக்கு, பாருங்க."

ஜெஸிந்தா படங்களைப் பின்னோக்கித் தள்ளினார். எட்டு மணிப் படத்தில் மூன்று வாயும் மூடியிருந்தன. ஒன்பது மணிக்குப் பாதி திறந்திருந்தன.

"இது பசி இல்ல சார். வெக்கை. வெயில் தாங்காம மூச்சு இளைக்குது."

 ஆவுடையப்பன் இரண்டு மணி நேரம் அந்த வாய்களைத்தான் ரசித்து ரசித்து எடுத்திருந்தார்.

ஜெஸிந்தா திட்டவில்லை. கல்யாண வீட்டில் விளக்கோடு மாட்டும் பெரிய கறுப்புக் குடையைத் தூக்கிக்கொண்டார்.

"வண்டிய எடுங்க."

புதருக்குப் போனபோது ஒரு குஞ்சின் தலை தொங்கியிருந்தது. ஜெஸிந்தா நூலை அவிழ்த்தார். அந்தக் கிளை திரும்பி வந்தது. நறுக்கிய நாலும் தரையில் வாடிக் கிடந்தன.

ஆவுடையப்பன் கழுத்தில் தொங்கிய கேமராவைக் கழற்றிப் பையில் போட்டார். காலையில் அது நின்ற முக்காலியில் குடையை இறுக்கிக் கட்டினார்.

"எங்க வைக்கட்டும் டீச்சர்?"

"அது உங்க பாடம்லா சார்."

அவர் சூரியனைப் பார்த்தார். தன் நிழலைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு வெயில் எங்கே விழும், இரண்டுக்கு எங்கே, நாலுக்கு எங்கே என்று விரல் விட்டு எண்ணினார். முப்பது வருஷம் வெளிச்சத்துக்குக் கணக்குப் போட்டவர், முதல் தடவையாக நிழலுக்குப் போட்டார்.

கூட்டின் மேல் நிழல் விழுந்தது. இருவரும் தூரத்தில் ஒரு உடைமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள்.

"தாய் வருமா?"

"தெரியாது."

"குடையப் பாத்துப் பயந்து போயிட்டா?"

"போகவும் செய்யும்."

ஜெஸிந்தா பொய்யாக ஆறுதல் சொல்கிறவர் இல்லை.

பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டரை ஆயிற்று. "தெரியாம செஞ்சிட்டேன்" என்று ஆவுடையப்பன் சொன்னார். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஒரு மணிக்குச் சின்னான் வந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு இருந்தது. குடையின் உச்சியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பறந்துவிட்டது.

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார்."

திறந்தார். சின்னான் குடைக்குக் கீழே இருந்தது. மூன்று வாய்கள் மேலே எழும்பின. தலை தொங்கிக் கிடந்ததும் எழும்பியது. இந்தத் தடவை பசிதான்.

பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜெஸிந்தா அழவிட்டார். பிறகு பையிலிருந்து கேமராவை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"எடுங்க. இங்கன இருந்தே."

குடை நிழலுக்குள் கண் கூசவில்லை, கறுப்பும் அப்பவில்லை. கொண்டை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அந்த வெளிச்சத்தின் பெயர் 'பரவல் ஒளி' என்று எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியவர்தான் அவர். இன்றைக்குத்தான் பார்த்தார். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுக் கேமராவைக் கீழே இறக்கினார்.

ஜெஸிந்தா வாங்கிப் பார்த்தார்.

"நல்லா வந்துருக்கு சார். குடையும் முக்காலியும் படத்துல விழுந்துட்டு. ஓரத்த எடுத்துட்டா தெரியாது."

"தெரியட்டும் டீச்சர்."

ஜெஸிந்தா கேமராவை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

ஆவுடையப்பன் எழுந்து நின்று கும்பிட்டார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்லணும்னு தெரியல."

"எனக்கு எதுக்கு சார்? திரும்பி வந்தது நானா?"