எதிரொலிக்கு வழிவிட்ட மாப்பிள்ளை

எங்கள் அண்ணன் மகள் மைதிலி ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவு நர்ஸ். கை கால் ஒடிந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, "டிரைவரைக் கட்டிக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். அப்படிப்பட்டவளுக்கு எங்கள் அண்ணன் தேடிப் பிடித்தது, உடுமலையில் வேன் ஓட்டுகிற தரணிதரனை. போட்டோவைப் பார்த்ததும் கொஞ்சம் இளகினாள். "எப்படி ஓட்டுவார்னு கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

பெண் பார்க்க எல்லாரும் வந்தாயிற்று, மாப்பிள்ளையைத் தவிர. அவன் தனியாக வேனில் வருகிறானாம். ராகுகாலம் பிறக்க அரை மணிதான் இருந்தது. அதற்குள் அவன் வாசற்படி மிதிக்காவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று என் அக்கா துளசி கறாராகச் சொல்லிவிட்டாள். அதுவரை எங்களை உட்கார வைக்கிற பொறுப்பு மாப்பிள்ளையின் தாய்மாமன் நாச்சிமுத்து தலையில் விழுந்தது. மனுசன் வாயைத் திறந்தால் மூட மாட்டார்.

"எம் மருமவன் வண்டியெடுக்கறதுக்கு முந்தி அடியில குனிஞ்சு பாப்பானுங்க. ஒருக்கா டயரோரமா ஒரு பூனை படுத்திருந்துச்சு. எழுப்புனாப் பாவம்னு நின்னான். அது அங்கயே குட்டி போட்டுருச்சு. குட்டிக கண்ணு முழிக்கட்டும்னு இருந்தான். முழிச்சுச்சு. சரி, எலி புடிக்கப் பழகட்டும்னு இருந்தான்."

"அதுவரைக்கும் பொழப்பு?" என்றாள் துளசி.

"பக்கத்து மில்லுக்கு வேலைக்குப் போனானுங்க. நடந்து."

கதவோரம் நின்ற மைதிலி, நோயாளியிடம் விசாரிக்கிற குரலில் கேட்டாள். "முன்னால போற வண்டியை முந்துவாரா?"

"முந்தறதா? பல்லடம் ரோட்டுல முன்னால ஒரு மாட்டுவண்டி. எதுக்கால என்ன வருதுன்னு தெரியல. பின்னாலயே போனான். மாட்டுவண்டிக்காரர் சந்தையில பருத்தியை எறக்கிப்போட்டு ஊருக்குத் திரும்புனாரு. இவனும் திரும்பிட்டான். வேன்ல கோயமுத்தூர் கல்யாணத்துக்குப் போறவங்க இருந்தாங்க. ஏறுன எடத்துலயே எறங்குனாங்க. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லீங்க."

அண்ணன் பலமாகத் தலையாட்டினார். அவருக்கு யார் எது சொன்னாலும் தலை ஆடும்.

"தூக்கம் வந்தா?" என்றாள் மைதிலி.

"ஓரங்கட்டிருவானுங்க. கனவுல வண்டி ஓட்டுனாலும் அப்படித்தான். தூக்கம் வந்துச்சுன்னா கனவுலயே ஓரங்கட்டிப் படுத்துக்குவான். ஒரு நாள் அவனை ரெண்டு தடவை எழுப்ப வேண்டியதாப் போச்சு."

துளசி கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்ப எங்க இருக்காருன்னு போன் போட்டுக் கேளுங்க."

நாச்சிமுத்து போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "ஓட்டறப்ப எடுக்க மாட்டானுங்க."

மைதிலி உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்த பெண். இதுவாவது அமைய வேண்டுமே என்று உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தேன்.

"மலை ரோட்டுல எப்படி?" என்றாள்.

நாச்சிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "வால்பாறையில இருந்து எறங்கி வர்றான். கொண்டை ஊசி வளைவு. ஹாரன் அடிச்சான். கீழே இருந்தும் ஹாரன் கேட்டுச்சு. ஏறி வர்ற வண்டிக்குத்தானுங்க முதல் வழி? நின்னான். ஒண்ணும் வரல. மறுபடி அடிச்சான். மறுபடி பதில்."

"அது எதிரொலிங்க" என்றேன் நான்.

"அவனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சுங்க. எதிரொலின்னு நெனைச்சு எறங்கி, அது லாரியா இருந்துட்டா? நின்னுட்டான். பின்னால பஸ்சு, காரு, ஜீப்புன்னு வரிசை. அவங்களுக்காக ஒரு டீக்கடை வந்துச்சு. அப்பறம் பரோட்டாக் கடை, சலூன். இத்தனை சனம் குடியிருக்குதேன்னு ரேசன் கடையும் தொறந்துட்டாங்க."

"அப்பறம் எப்படித்தான் கிளம்புனாரு?" என்றாள் துளசி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கீழே இருந்து நெசமாவே ஒரு லாரி வந்துச்சுங்க. அது போனதும் கிளம்பிட்டான்."

அப்போது ஜன்னலுக்கு வெளியே, தெருவின் எதிர்ச்சாரியில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவன் வந்து நின்றான். போட்டோவில் பார்த்த அதே முகம். வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான்.

"வேன் எங்கீங்க?" என்றார் அண்ணன்.

"தெருவுல பசங்க வெளையாடுவாங்கன்னு மெயின் ரோட்டுலயே நிறுத்தியிருப்பானுங்க."

தெருவில் ஒரு பையனும் இல்லை. ஒரு கோழிதான் நடுவில் மேய்ந்துகொண்டிருந்தது. தரணிதரன் அது போகட்டும் என்று நின்றான். நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோழிக்கு அவசரமில்லை. கடைசியில் துளசியே இறங்கிப் போய் அதை விரட்டிவிட்டு, அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். அவன் படி மிதித்ததும் ராகுகாலம் பிறந்தது.

மைதிலி அவனை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் சம்மதம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"தை மாசம் கல்யாணத்தை வெச்சுக்கலாமா, கண்ணு?" என்றார் அண்ணன்.

"எப்ப வேணும்னாலும் வைங்கப்பா" என்றாள் மைதிலி. "அவரை மட்டும் இன்னைக்கே கிளம்பச் சொல்லிருங்க."